32 சீட்டு, ஒரு சந்தை: பொருளியல் வகுப்பில் என்ன செய்யலாம்?

ஒரு சீட்டுக்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோக்கர், ஏஸ், படம் போட்ட சீட்டுகள் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிடுங்கள். சிவப்பில் 2-களையும் கறுப்பில் 10-களையும் எடுத்துவிடுங்கள். கையில் 32 சீட்டு நிற்கும்: சிவப்பில் 3 முதல் 10 வரை, கறுப்பில் 2 முதல் 9 வரை, ஒவ்வொரு எண்ணிலும் இரண்டிரண்டு. முதலாம் ஆண்டு பி.ஏ. பொருளியல் வகுப்பில் தேவை, அளிப்பு பாடத்தைத் தொடங்க எனக்கு வேண்டியது இவ்வளவுதான். கரும்பலகைப் படம் அப்புறம் வரும்.

சிவப்பு கிடைத்தவர் வாங்குபவர், கறுப்பு கிடைத்தவர் விற்பவர். பொருள் ஒரு கிலோ தக்காளி. சீட்டில் உள்ள எண்ணைப் பத்தால் பெருக்கினால் ரூபாய். சிவப்பு 8 வைத்திருப்பவருக்கு அந்தத் தக்காளி 80 ரூபாய் பெறும். அதற்கு மேல் கொடுக்கக் கூடாது. 55-க்கு வாங்கினால் அவருக்கு 25 ரூபாய் லாபம். கறுப்பு 3 வைத்திருப்பவருக்கு அடக்கவிலை 30. அதற்குக் கீழே விற்கக் கூடாது. 55-க்கு விற்றால் அவருக்கும் 25 ரூபாய் லாபம். சீட்டை யாருக்கும் காட்டக் கூடாது. ஆளுக்கு ஒரு பேரம்தான். பேரம் படிந்ததும் இருவரும் சேர்ந்து என் மேசைக்கு வந்து சீட்டைக் கொடுத்து, என்ன விலை என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டும்.

எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு மணி நேரம் போகுதே, சிலபஸ் எப்படி முடிப்பீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஐந்து யூனிட்டையும் முடித்தாக வேண்டும், பருவத்தேர்வு யாருக்காகவும் நிற்காது. வராண்டாவில் நின்று சொன்ன பதில் அவருக்குப் போதவில்லை, எனக்கும் போதவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்த விளையாட்டு என் கண்டுபிடிப்பு இல்லை. முற்றுரிமைப் போட்டி என்ற பாடத்தில் நம் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் பெயர் எட்வர்ட் சேம்பர்லின். அவர் ஹார்வர்டில் தன் மாணவர்களுக்கு இதேபோல் சீட்டுகளைக் கொடுத்து, அறைக்குள் நடமாடிப் பேரம் பேசச் சொன்னார். முடிவுகளை 1948-இல் கட்டுரையாக வெளியிட்டார். மொத்தம் 46 முறை நடத்தியதில் 42 முறை, பாடப்புத்தகம் சொல்லும் சமநிலை அளவைவிட (வாங்க விரும்பும் அளவும் விற்க விரும்பும் அளவும் ஒன்றாகும் இடம்) அதிகமாக வியாபாரம் நடந்திருந்தது. நிறைபோட்டிக் கோட்பாடு (தனி ஒருவர் விலையைத் தீர்மானிக்க முடியாத சந்தையைப் பற்றியது) நிஜ மனிதர்களிடம் எடுபடாது என்பதற்கு இது ஒரு சான்று என்று அவர் எடுத்துக்கொண்டார்.

ஹார்வர்டில் அப்படிப் பேரம் பேசிய மாணவர்களில் ஒருவர் வெர்னன் ஸ்மித். சில ஆண்டுகள் கழித்து பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானபோது அந்த விளையாட்டு அவர் மனதில் மறுபடி வந்தது. 1956-இல் தன் வகுப்பிலேயே நடத்தினார். ஆனால் இரண்டு விஷயங்களை மாற்றினார். மூலையில் நின்று ரகசியமாகப் பேசக் கூடாது; பங்குச் சந்தையில் கூவுவதுபோல எல்லோருக்கும் கேட்கும்படி விலையைச் சொல்ல வேண்டும். அதோடு, ஒரே சுற்றில் முடிக்காமல் அதே சீட்டுகளை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஆட வேண்டும். சில சுற்றுகளிலேயே விலை சமநிலையை நெருங்கிவிட்டது. யாருக்கும் அடுத்தவர் சீட்டு தெரியாது, பங்கெடுத்தவர்கள் கொஞ்சம் பேர்தான், அப்படியும் நெருங்கியது. 1962-இல் கட்டுரை வெளிவந்தது. 2002-இல் ஸ்மித்துக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு முழு ஆய்வுத்துறையே ஒரு வகுப்பறைப் பயிற்சியிலிருந்து கிளம்பியது என்பதை நினைக்க எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. கற்பிப்பதும் ஆய்வு செய்வதும் இரண்டு வேலை என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். அந்த அறையில் இரண்டும் ஒன்றாகத்தான் நடந்தன.

வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் ஹோல்ட் 1996-இல் இதைச் சாதாரணச் சீட்டுக்கட்டை வைத்து எந்த ஆசிரியரும் நடத்தலாம் என்று எளிமையாக எழுதிக் கொடுத்தார். நான் செய்வது அந்த வழியில் வந்ததுதான்.

நான் முதல் சுற்றை சேம்பர்லின் முறையில் விடுவேன். ஜோடி ஜோடியாக ஒதுங்கிப் பேசலாம், அடுத்தவர் என்ன விலைக்கு முடித்தார் என்று கேட்கக் கூடாது. நம் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. மாட்டுச் சந்தையில் தரகரும் வியாபாரியும் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பலர் நேரில் பார்த்திருக்கிறார்கள். ஒரு பையனின் அப்பாவே மாட்டுத் தரகர். விதியைச் சொல்லி முடிப்பதற்குள், "அப்ப துண்டு வேணும் மேடம்" என்றான். அந்தச் சுற்றில் ஒருத்தி 85 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வந்தாள். இரண்டு அடி தள்ளி நின்றவன் 35-க்கு வாங்கியிருந்தான். ஒரே தக்காளி, ஒரே அறை, ஒரே ஐந்து நிமிடம்.

இரண்டாவது சுற்று ஸ்மித் முறை. கடற்கரையில் மீன் ஏலம் கேட்பதுபோல எல்லோரும் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஏலத்தில் வாங்குபவர்கள் மட்டும் கூவுவார்கள், இங்கே விற்பவர்களும் கூவலாம், அதுதான் வித்தியாசம். படிந்த விலைகளைப் பலகையில் எழுதிக்கொண்டே போவேன். பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார். சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். மூன்றாவது, நான்காவது சுற்றில் பலகையில் 55, 60, 60, 65, 60 என்று எண்கள் ஒரே இடத்தில் சுற்ற ஆரம்பிக்கும். அதைப் பார்த்ததும் வகுப்பே ஒரு நொடி அமைதியாகும். "யாரு மேடம் 60-னு சொன்னது?" என்று ஒருவராவது கேட்பார்கள். யாரும் சொல்லவில்லை.

அப்போதுதான் எல்லோரும் சீட்டைக் காட்டலாம் என்பேன். 60 ரூபாய் கொடுக்கக்கூடியவர்கள் கை தூக்குங்கள்: 10 பேர். 60-க்கு விற்கக்கூடியவர்கள்: அவர்களும் 10 பேர். 70 என்று வைத்தால் வாங்க 8 பேர், விற்க 12 பேர். 50 என்றால் அப்படியே தலைகீழ். கைகளை எண்ணி எண்ணிப் புள்ளி வைத்துக்கொண்டு போனால் பலகையில் ஒரு கோடு இறங்குகிறது, இன்னொன்று ஏறுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு வரை அவர்கள் அளவுகோல் வைத்து வரைந்த அதே படம். இப்போது கோட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு ஆள் இருக்கிறார், அவர் எந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்றுகூடச் சொல்ல முடியும்.

இனிதான் முக்கியமான இடம். முதல் சுற்றில், அதாவது துண்டு போட்ட சுற்றில், அதிகம் பேர் வியாபாரம் முடித்திருப்பார்கள். சேம்பர்லின் பார்த்ததும் இதையேதான். ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிவப்பு 10 வைத்திருப்பவர் கறுப்பு 9 வைத்திருப்பவரோடு 95-க்கு முடிக்கிறார் என்று வையுங்கள். சிவப்பு 9 கறுப்பு 8-உடன். சிவப்பு 8 கறுப்பு 7-உடன். இப்படியே கடைசியில் சிவப்பு 3 கறுப்பு 2-உடன். எல்லோருக்கும் ஜோடி கிடைத்துவிட்டது, 16 வியாபாரம், ஒருவர்கூட வெறுங்கையோடு போகவில்லை. ஆனால் ஒவ்வொரு ஜோடியும் சேர்ந்து சம்பாதித்தது 10 ரூபாய்தான். மொத்த லாபம் 160 ரூபாய். எல்லோரும் 60-க்கே வியாபாரம் செய்தால் 10 வியாபாரம்தான் நடக்கும், 12 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள், ஆனால் மொத்த லாபம் 400 ரூபாய்.

இந்த மொத்த லாபத்தைத்தான் புத்தகத்தில் நுகர்வோர் உபரி, உற்பத்தியாளர் உபரி என்று முக்கோணமாக நிழலடித்துக் காட்டுவார்கள். பிள்ளைகள் அழகாக நிழலடிப்பார்கள், ஐந்து மதிப்பெண் வாங்குவார்கள், மறந்துவிடுவார்கள். வகுப்பில் நடந்தது வேறு. சிவப்பு 3 வைத்திருந்த ஒரு மாணவி எழுந்து, "போன சுற்றுல எனக்குக் கெடச்சுது மேடம். இந்தச் சுற்றுல கெடைக்கல. ஆனா இதுதான் நல்ல சந்தைன்னு சொல்றீங்க" என்றாள். கறுப்பு 2 வைத்திருந்தவன் திரும்பி, "உனக்கு வித்தா எனக்கு என்ன கெடைக்கும்?" என்றான். அதற்கு அவள், "30 ரூபாய்தான் என்கிட்ட இருக்கு. அதுக்காக எனக்குத் தக்காளி தேவையில்லைன்னு ஆயிடுமா?" என்று கேட்டாள்.

நான் பல வருடமாகப் பாடம் நடத்துகிறேன். நலப் பொருளியலின் மையக் கேள்வியை இவ்வளவு கூர்மையாக யாரும் என்னிடம் கேட்டதில்லை. கொடுக்க முடிகிற பணத்தை வைத்துத்தான் சந்தை தேவையை அளக்கிறது. அந்த அளவுகோலை ஏற்றுக்கொண்டால் 400-தான் பெரியது. ஏற்றுக்கொள்ளாவிட்டால் பேச்சு வேறு பக்கம் போகும்: அவள் கையில் சீட்டு 3 வந்தது எப்படி, சீட்டைப் பிரித்துக் கொடுத்தது யார்? சந்தை எவ்வளவு திறமையாக வேலை செய்கிறது என்பதும், அது யாரை வெளியே நிறுத்துகிறது என்பதும் ஒரே மணி நேரத்தில், ஒரே சீட்டுக்கட்டில் தெரிந்துவிட்டன. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுப்பது பாதிப் பாடம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

சரி, இதெல்லாம் ஒரு ஆசிரியையின் உற்சாகம், சான்று எங்கே என்று கேட்கலாம். கேட்கவும் வேண்டும். எல்லாவற்றுக்கும் தரவு கேட்கிற துறை நம்முடையது. ஆனால் நம் வகுப்பில் என்ன நடக்கிறது என்று மட்டும் அளந்து பார்க்க மாட்டோம். அமெரிக்காவில் இதற்கென்றே 1969-இலிருந்து ஜர்னல் ஆஃப் எகனாமிக் எஜுகேஷன் என்ற இதழ் வருகிறது. வில்லியம் பெக்கர், மைக்கேல் வாட்ஸ் இருவரும் 1995-லிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை பொருளியல் ஆசிரியர்களிடம் எப்படிக் கற்பிக்கிறீர்கள் என்று கணக்கெடுத்தார்கள். வகுப்பு நேரத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் விரிவுரைக்கே போனது. அடுத்தடுத்த கணக்கெடுப்புகளிலும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. மற்ற துறைகள் மெல்ல மாறிக்கொண்டிருந்தபோதும் நாம் சாக்பீஸும் பேச்சுமாகவே இருந்தோம்.

அந்தப் பேச்சால் என்ன விளைந்தது என்பதற்கு ஒரு கேள்வி இருக்கிறது. பால் ஃபெராரோ, லாரா டெய்லர் என்ற இரு பொருளியலாளர்கள் கேட்டது. உங்களுக்கு எரிக் கிளாப்டன் கச்சேரிக்கு இலவச டிக்கெட் கிடைத்திருக்கிறது. அதை விற்க முடியாது. அதே இரவு பாப் டிலன் கச்சேரியும் இருக்கிறது, அதுதான் உங்களுடைய அடுத்த சிறந்த தேர்வு. டிலன் டிக்கெட் 40 டாலர். டிலனைப் பார்க்க நீங்கள் அதிகபட்சம் 50 டாலர் வரை கொடுப்பீர்கள். வேறு செலவு எதுவும் இல்லை. கிளாப்டனைப் பார்ப்பதன் வாய்ப்புச் செலவு, அதாவது அதற்காக நீங்கள் இழப்பது, என்ன? 0, 10, 40, 50 என்று நான்கு விடைகள்.

டிலனுக்குப் போயிருந்தால் 50 டாலர் மதிப்புள்ள ஒன்றை 40 கொடுத்துப் பெற்றிருப்பீர்கள், மிச்சம் 10. கிளாப்டனுக்குப் போவதால் இழப்பது அந்த 10. 2005-இல் அமெரிக்கப் பொருளியலாளர்களின் ஆண்டு மாநாட்டில் 199 பேரிடம் இதைக் கேட்டார்கள். 10 என்று சொன்னவர்கள் 21.6 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு நான்கில் ஒன்றைத் தொட்டால்கூட 25 சதவீதம் வரும். மாணவர்களிடம் கேட்டபோது, பொருளியல் பாடம் படித்தவர்களில் 7.4 சதவீதம் பேரும் படிக்காதவர்களில் 17.2 சதவீதம் பேரும் சரியாகச் சொன்னார்கள். படித்தவர்கள்தான் அதிகம் தவறினார்கள்.

இதற்கு மறுப்பும் வந்தது. 2012-இல் ஜோயல் பாட்டரும் ஷேன் சாண்டர்ஸும், பாடப்புத்தகங்களில் வாய்ப்புச் செலவுக்குத் தரும் வரையறைகளே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, எடுத்துக்கொள்ளும் வரையறையைப் பொறுத்து மற்ற விடைகளையும் நியாயப்படுத்தலாம் என்று எழுதினார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் எனக்கு அதுவும் அதே நோயைத்தான் காட்டுகிறது: அடிப்படைக் கருத்து ஒன்றை நூறாண்டுக்கு மேல் வரையறையாக ஒப்பித்திருக்கிறோம், எண்களைப் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளவில்லை.

டிலனையும் கிளாப்டனையும் என் வகுப்பில் யாருக்கும் தெரியாது. அதனால் பஸ்ஸை எடுத்துக்கொண்டேன். 2021-லிருந்து தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இலவச பஸ்ஸில் போவதற்கு உங்களுக்கு என்ன செலவு என்று கேட்டேன். "ஒன்னும் இல்ல மேடம்" என்று முதல் பெஞ்ச் சொன்னது. பின்னாலிருந்து ஒரு மாணவி, "நிக்கணும்ல?" என்றாள். அவள் ஊர்ப்பக்கம் இலவச பஸ் வர நாற்பது நிமிடம் ஆகும். பிரைவேட் பஸ் உடனே வரும், டிக்கெட் 12 ரூபாய். சீக்கிரம் வீட்டுக்குப் போனால் ஜாக்கெட்டுக்கு ஹூக் வைத்து எம்மிங் பண்ணிக் கொடுப்பாள், அந்த நாற்பது நிமிடத்தில் 30 ரூபாய் கிடைக்கும். ஆக, இலவச பஸ்ஸுக்கு நின்றால் அவள் இழப்பது 30-இல் 12 போக 18 ரூபாய். டிலன் கணக்கு அப்படியே வந்துவிட்டது. யாரும் வரையறை சொல்லவில்லை. "அப்ப இலவச பஸ்ஸே வேணாமா?" என்று ஒருவன் கேட்டதற்கு அவளே பதில் சொன்னாள்: "காலையில எனக்கு எம்மிங் வேலை இல்லையே. அப்ப நின்னே வரேன்."

ஃபெராரோவும் டெய்லரும் காட்டிய குறையை, இந்தச் சீட்டாட்டம் போன்ற வகுப்பறைச் சோதனைகள் சரிசெய்யுமா? 2004-இல் டிஷா எமர்சன், பெக் டெய்லர் இருவரும் பெய்லர் பல்கலைக்கழகத்தில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நுண்பொருளியல் அறிமுகப் பாடத்தைச் சில பிரிவுகளுக்கு விரிவுரையாகவும் சில பிரிவுகளுக்குச் சந்தை விளையாட்டுகளாகவும் நடத்தினார்கள். விளையாட்டுப் பிரிவில் இருந்தவர்கள் தரப்படுத்தப்பட்ட ஒரு தேர்வில் அதிகம் முன்னேறியிருந்தார்கள்.

அதைவிட எனக்கு உதவியது எட்வர்ட் கார்ட்ரைட், அன்னா ஸ்டெபனோவா இருவரும் 2012-இல் எழுதிய கட்டுரை. வகுப்பறைச் சோதனையில் கலந்துகொள்வதால் மட்டும் மாணவர்கள் அதிகமாக ஒன்றும் கற்பதில்லை, அதைப் பற்றி அறிக்கை எழுதினால்தான் கற்கிறார்கள் என்பது அவர்கள் கண்டது. இதைப் படித்தபோது மனதில் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. சீட்டாட்டம் முடிந்து சிரித்துக்கொண்டே வெளியே போகிற பிள்ளைகள் ஏதோ கற்றுவிட்டார்கள் என்று நம்பத்தான் தோன்றும். ஆனால் கூச்சல் கற்றல் ஆகாது. 85-க்கு வாங்கியவள் வீட்டில் உட்கார்ந்து, "நான் ஏன் 85 கொடுத்தேன்? பக்கத்தில் 35-க்கு முடிந்தது எனக்குத் தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன்?" என்று இரண்டு பக்கம் எழுதும்போதுதான், தகவலுக்கும் விலைக்கும் என்ன உறவு என்பது அவளுடைய சொந்த அறிவாகிறது.

அதனால் இப்போது ஒவ்வொரு விளையாட்டுக்கும் அறிக்கை உண்டு. உன் சீட்டு என்ன, என்ன விலைக்கு முடித்தாய், அதைவிட நல்ல விலை கிடைத்திருக்குமா என்பது முதல் பகுதி. மொத்த லாபத்தைக் கணக்கிட்டு, ஏன் சுற்றுக்குச் சுற்று மாறியது என்று சொல்வது இரண்டாவது. மூன்றாவதுதான் நான் ஆவலோடு படிப்பது: உன் ஊரில் இந்த இரண்டு சுற்றுகளில் எதைப்போல வியாபாரம் நடக்கிறது? கார்னல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃபிராங்க் தன் மாணவர்களை 500 சொற்களுக்குள், படமும் சூத்திரமும் இல்லாமல், தாங்கள் கண்ணால் பார்த்த ஒன்றைப் பற்றிக் கேள்வி கேட்டுப் பதில் எழுதச் சொல்லிவந்தார். பொருளியலே படிக்காத உறவினருக்குச் சொல்வதுபோல இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த யோசனையைத்தான் மூன்றாவது பகுதிக்கு எடுத்துக்கொண்டேன். ஷாம்பு பாட்டிலில் வாங்குவதைவிடப் பாக்கெட்டில் வாங்கினால் பல பிராண்டுகளில் மில்லி கணக்குக்கு மலிவு. மொத்தமாக வாங்கினால்தானே மலிவாக இருக்க வேண்டும் என்று ஒரு மாணவன் எழுதியிருந்தான். ஒரு ரூபாயை எண்ணிக் கொடுப்பவர் அடுத்த பிராண்டுக்குச் சட்டென்று தாவிவிடுவார், பாட்டில் வாங்குகிறவர் விலையை அவ்வளவு பார்க்க மாட்டார் என்று பதிலும் அவனே எழுதியிருந்தான். விலைப் பேதம் காட்டுதல் (ஒரே பொருளை வெவ்வேறு ஆட்களுக்கு வெவ்வேறு விலையில் விற்பது) என்ற பாடம் அவனுக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தது.

இதில் ஒரு சங்கடமும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. இப்படி நடத்தினால் சில பிள்ளைகள், அதுவும் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள், "மேடம் பாடமே எடுக்கல" என்கிறார்கள். ஹார்வர்டில் இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஓர் ஆய்வு 2019-இல் வெளிவந்தது. மாணவர்களே செய்து பார்க்கும் வகுப்பில் அவர்கள் உண்மையில் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் கேட்டபோது, நல்ல விரிவுரையில்தான் அதிகம் கற்றதாகச் சொன்னார்கள். தெளிவான பேச்சைக் கேட்கும்போது புரிந்துவிட்டதுபோல இருக்கும். தானே திணறி யோசிக்கும்போது ஒன்றும் புரியாததுபோல இருக்கும். இந்த ஆய்வை இப்போதெல்லாம் பருவத்தின் முதல் வாரத்திலேயே அவர்களிடம் சொல்லிவிடுகிறேன்.

பெரிய தடை மாணவர்கள் இல்லை, தேர்வு. பாடத்திட்டம் ஒரு இடத்தில் தயாராகிறது, கேள்வித்தாள் இன்னொரு இடத்தில், பாடம் நடத்துகிற நாங்கள் மூன்றாவது இடத்தில். வெளித்தேர்வுக்கு 75, அகமதிப்பீட்டுக்கு 25. 'சமநிலை விலை தீர்மானிக்கப்படும் விதத்தைப் படத்துடன் விளக்குக' என்று பத்து மதிப்பெண் கேள்வி வரும்; கைடில் உள்ள பதிலை அப்படியே எழுதினால் எட்டு வரும். அந்த 75-இல் நான் கை வைக்க முடியாது. 25-இல் அசைன்மென்ட்டுக்கு என்று ஒரு பங்கு இருக்கிறதே, புத்தகத்தைப் பார்த்து எழுதி, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, யாரும் படிக்காமல் அலமாரியில் அடுக்கும் அந்தப் பங்கு, அதைச் சந்தை அறிக்கைக்கு மாற்றுவதை எந்த விதியும் தடுக்கவில்லை. அந்தப் புதிய ஆசிரியரிடம் நான் முதலில் சொன்னது இதைத்தான். சிலபஸ் நேரத்தைப் பொறுத்தவரை, தேவை, அளிப்பு, சமநிலை, உபரி என்று நான்கு வகுப்பாகப் போனதை ஒரு விளையாட்டும் இரண்டு வகுப்புமாகச் சுருக்கிவிட்டேன்.

பொருளியல் கல்வியை மாற்ற வேண்டும் என்ற குரல் உலகில் புதிதல்ல. 2000-இல் பிரெஞ்சு மாணவர்கள், நிஜ உலகத்தைத் தொடாத பாடம் வேண்டாம் என்று மனுக் கொடுத்தார்கள். 2011 நவம்பரில் ஹார்வர்டில் பொருளியல் பேராசிரியர் கிரெகரி மான்கியூவின் அறிமுக வகுப்பிலிருந்து ஒரு பகுதி மாணவர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். 2008 நெருக்கடிக்குப் பிறகும் பாடம் மாறவில்லையே என்று மான்செஸ்டரில் மாணவர்கள் சங்கம் தொடங்கினார்கள். வெண்டி கார்லின், சாமுவேல் போல்ஸ் முதலானோர் சேர்ந்து உருவாக்கிய கோர் திட்டம் ஏற்றத்தாழ்விலிருந்தும் வரலாற்றிலிருந்தும் தொடங்கும் ஒரு பாடநூலை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. அவர்களுடைய வரைபடங்களைக் காட்டி நான் தமிழில் பாடம் நடத்துகிறேன், நன்றாகவே எடுபடுகிறது. ஆனால் அந்த விவாதங்களில் பெரும்பாலும் எந்தக் கோட்பாடு, யாருடைய கோட்பாடு என்பதே பேச்சு. அதே புதிய பாடத்தையும் பழைய விரிவுரையாகவே நடத்தினால் பிள்ளைகள் அதையும் ஒப்பிப்பார்கள். சிவப்பு 3 மாணவிக்கு மாற்றுப் பொருளியல் என்று யாரும் பாடம் எடுக்கவில்லை. கையில் இருந்த சீட்டுதான் அவளைக் கேட்க வைத்தது.

கடைசியாக ஒரு சுற்று இருக்கிறது, விலை உச்சவரம்பு. தக்காளி 40 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று அரசு ஆணை போட்டதாக அறிவிப்பேன். கறுப்பு 2, 3, 4 வைத்திருக்கும் 6 பேர்தான் விற்க முடியும். வாங்க 14 பேர் தயார். ஆரம்பித்த அரை நிமிடத்தில் சரக்கு தீர்ந்துவிடும். யாருக்குக் கிடைத்தது என்று பார்த்தால் விற்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், ஒரே ஊர்க்காரர்கள், ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள். ஒருமுறை பெஞ்சுக்கு அடியில் இருபது ரூபாய் தனியாகக் கைமாறியதாக இருவரே வந்து சொன்னார்கள். வரிசை, தெரிந்தவர், கள்ளச்சந்தை, மூன்றும் நான் சொல்லாமலே வந்துவிடும்.

அங்கே எப்போதும் யாராவது கேட்பார்கள்: "அப்ப ரேஷன் கடை தப்பா மேடம்?" தமிழ்நாட்டுப் பிள்ளைகள் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம், வீட்டு அரிசியே அங்கிருந்துதான் வருகிறது. விலைக்கு மூடி போடுவதும், அரசே வாங்கிக் குறைந்த விலையில் கொடுப்பதும் ஒன்றல்ல என்று இதுவரை வாயால் விளக்கிக்கொண்டிருந்தேன். வருகிற பருவத்தில் அதையும் ஆடிப் பார்க்கப் போகிறோம். எடுத்து வைத்த கறுப்பு 10-களுக்கு வேலை வந்துவிட்டது. அவற்றை வைத்திருக்கும் இருவர்தான் அரசு. சந்தையில் என்ன விலையோ அதைக் கொடுத்து அவர்கள் நான்கு கிலோ வாங்கி, அட்டை வைத்திருக்கும் சிவப்பு 3, 4 ஆட்களுக்கு 20 ரூபாய்க்குத் தர வேண்டும். நஷ்டத்தைப் பலகையில் எல்லோருக்கும் தெரியும்படி எழுதி, லாபம் சம்பாதித்தவர்களிடம் வரியாக வசூலிக்க வேண்டும். வரி எவ்வளவு, யாரிடமிருந்து என்பதை வகுப்பே ஓட்டுப்போட்டு முடிவு செய்யட்டும். அரசு உள்ளே நுழைந்ததும் 60 எங்கே போய் நிற்கும், மொத்த லாபம் 400-இலிருந்து எவ்வளவு குறையும், அந்தக் குறைவை வகுப்பு ஏற்குமா என்று எனக்கும் பார்க்க வேண்டும். அறிக்கைக்கான கேள்விகளை எழுதிக்கொண்டிருக்கிறேன். நடத்திப் பார்க்க விரும்பும் ஆசிரியர்கள் கேட்டால் சீட்டுப் பட்டியலோடு அனுப்பித் தருகிறேன்.